பத்தொன்பது கோடுகள்

பிப்ரவரி 27

என் தம்பிக்கு,

சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. பத்து நாளைக்கு முன்னால் பத்திரிகையில் உன் படத்தைப் பார்த்தேன். சௌக்கியத்துக்கு ஒரு குறையும் இல்லை, கன்னம் இரண்டும் உப்பியிருக்கிறது. நீர்வள நிபுணர் குழு அமைச்சரிடம் அறிக்கை கொடுக்கிற படம். ஏழு பேரில் ஆறு பேர் முழுதாக நிற்கிறார்கள். நீ மட்டும் தலைவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம். உறுப்பினர்-செயலர் என்றால் வேலை முழுதும், முகம் பாதியுமா? உன் மாமா அந்தப் படத்தை வெட்டி, கடையில் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறார். துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "பாதி தெரியறாரே, அவருதான் நம்ம மச்சினன்" என்று சொல்லி, அளவெடுக்க மறந்துபோகிறார்.

போனில் கேட்டிருக்கலாம். போனில் நீ "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்பாய், நான் "சரிப்பா" என்பேன், அதோடு முடிந்துபோகும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் அலுவலகத்துக்கு அறிக்கையின் ஒரு பிரதி வந்தது. யாரும் தொடவில்லை. நான் வீட்டுக்கு எடுத்துவந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசி இணைப்பு வரை படித்தேன். புரியாத இடத்தை இரண்டு தரம் படித்தேன். எங்கள் வட்டாரத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஐந்து வருஷத்தில் சராசரியாக எண்பது சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அதனால் புதிய தொழிற்பேட்டைக்குப் பதினான்கு ஆழ்துளைக் கிணறுகள் தோண்டலாம் என்று பரிந்துரை.

தம்பி, எந்தக் கிணற்றில் உயர்ந்தது? இங்குள்ள நாற்பத்தாறு கண்காணிப்புக் கிணறுகளிலும் மாதாமாதம் டேப் இறக்கி அளப்பது நான்தானே. இருபத்திரண்டு வருஷமாக ஸ்கூட்டரில் அலைகிறேன். மேட்டுப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வற்றிக்கொண்டே வந்து, இன்றைய தேதிக்குப் பத்தொன்பது கிணறுகளில் டேப் மண்ணைத்தான் தொடுகிறது. மேலே இழுத்தால் நுனியில் புழுதி. உங்கள் எண்பது சென்டிமீட்டர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் நானும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

கேலி செய்கிறேன் என்று நினைக்காதே. நிஜமாகவே புரியவில்லை. நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி எழுது.

உன் அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ அறிக்கையை முழுதும் படித்தாய் என்பது மிகவும் மகிழ்ச்சி. அமைச்சரே அவ்வளவு படித்திருக்க மாட்டார்.

குழு எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால் உனக்குப் புரியும். அரசு எங்களிடம் ஒரு கேள்வி கேட்கும். நாங்கள் புதிதாக எதையும் அளப்பதில்லை. ஏற்கெனவே உள்ள தரவுகளைத் தொகுத்துப் பார்க்கிறோம். ஏழு பேரும் ஏழு துறை. ஒருவர் ஒரு வாக்கியத்தை ஏற்கவில்லை என்றால், அவர் ஏற்கும் வரை அந்த வாக்கியம் திருத்தப்படும். கடைசியில் நிற்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட வாக்கியம். நாங்கள் முடிவெடுப்பதில்லை, ஆலோசனை மட்டுமே சொல்கிறோம். இருப்பினும், அரசு பெரும்பாலும் அதையே ஏற்றுக்கொள்கிறது.

சராசரி விஷயம். பதிவேட்டில் கோடு போடப்பட்டிருந்த பத்தொன்பது கிணறுகள், தரவு இல்லாதவையாகக் கருதப்பட்டுக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. மீதி இருபத்தேழு கிணறுகளை வைத்துச் சராசரி எடுக்கப்பட்டது. இது எங்கும் உள்ள நடைமுறைதான். இருப்பினும், உன் ஐயம் நியாயமானது. அடுத்த ஆய்வில் கவனத்தில் கொள்ளப்படும்.

மாமாவிடம் அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல். கூச்சமாக இருக்கிறது.

அன்புடன்,
தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

"போடப்பட்டிருந்த", "கருதப்பட்டு", "நீக்கப்பட்டன", "எடுக்கப்பட்டது", "கொள்ளப்படும்". உன் கடிதத்தில் எண்ணிப் பார்த்தேன். எல்லாம் தானாகவே நடந்திருக்கிறது, மனுஷர் யாரும் அந்தப் பக்கமே வரவில்லை. நடுவில் இரண்டு "இருப்பினும்" வேறு. உங்கள் தலைவருக்குக் கல்லூரியில் "இருப்பினும் சார்" என்றுதான் பட்டப்பெயர் என்று நீயே ஒருமுறை சொல்லிச் சிரித்தாய். இப்போது உனக்கும் தொற்றிக்கொண்டதா?

வகுப்பில் தோற்கிற பிள்ளைகளையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்சம் இருப்பவர்களின் மதிப்பெண்ணை மட்டும் கூட்டி வகுத்தால் பள்ளிக்கூடம் முன்னேறியதாகத்தான் தெரியும். நீங்கள் செய்தது அதுதான். ஆழமான மேட்டுக் கிணறுகள் வற்றி வெளியே போயின. ஆற்றோரத்துக் கிணறுகள் மட்டும் கணக்கில் நின்றன. இதைப் புரிந்துகொள்ள ஏழு துறை வேண்டாம்.

ஆனால் நான் இப்போது எழுதுவது அதற்காக இல்லை. எனக்கு மெமோ வந்திருக்கிறது.

உங்கள் அறிக்கையின் மூன்றாம் இணைப்பில் ஒரு வாக்கியம் இருக்கிறது: "பத்தொன்பது கிணறுகளில் அளவீடு மேற்கொள்ளப்படவில்லை." அதை மேலிடத்தில் யாரோ படித்திருக்கிறார்கள். அளவீடு மேற்கொள்ளவில்லை என்றால், அளவீட்டாளர் போகவில்லை என்றுதானே அர்த்தம்? போகாமலேயே வீட்டில் உட்கார்ந்து பதிவேட்டை நிரப்பினேன் என்று குற்றச்சாட்டு. ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி விசாரணை. நிரூபணமானால் வேலை போகும். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதை விடு. இருபத்திரண்டு வருஷம் கிணறு கிணறாகக் குனிந்து பார்த்தவளை "போகவில்லை" என்று எழுதிவிட்டார்களே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கோடு என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் மறுபடி சொல்கிறேன். நாம் தரையிலிருந்து கீழே அளக்கிறோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பழைய அதிகாரி என்னிடம், "தண்ணி இல்லன்னா பூஜ்யம் போட்டுடாதம்மா. பூஜ்யம்னா தண்ணி கிணத்து வாய் வரைக்கும் நிக்குதுன்னு ஆயிடும். கோடு போடு" என்றார். அன்றிலிருந்து வறண்ட கிணற்றுக்குக் கோடு. அளக்காமல் விட்ட மாதம் இருந்தால் கட்டத்தையே காலியாக விடுவேன். அப்படி விட்டது உன் மருமகன் பிறந்த மாதம் மட்டும்தான். இந்த வழக்கம் எந்த அரசாணையிலும் இல்லை. அந்த அதிகாரியும் போய்ச் சேர்ந்துவிட்டார். எழுத்தில் இருக்கிற ஒரே இடம் உன் ஆராய்ச்சிப் புத்தகம். என் பதிவேடுகளை வைத்துத்தானே பட்டம் வாங்கினாய்? அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில், "கோடு: வறண்ட கிணறு" என்று நீயே போட்டிருந்தாய். எனக்கு ஒரு பிரதி தருகிறேன் என்றாய், இன்னும் தருகிறாய்.

உன்னிடம் நான் கேட்பது இவ்வளவுதான். கோடு என்றால் வறண்டது என்று விசாரணை அதிகாரிக்கு இரண்டு வரி எழுது. அந்தப் பக்கத்தின் நகலை வை. வேறொன்றும் வேண்டாம்.

உன் அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. உனக்கு இப்படி ஒரு தொல்லை வரும் என்று நான் நினைக்கவே இல்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

நிச்சயம் எழுதுகிறேன். ஆனால் சற்றுப் பொறுமையாகச் செய்ய வேண்டியிருக்கிறது. அறிக்கை அரசால் ஏற்கப்பட்டுவிட்டது. இப்போது அதில் ஒரு வாக்கியம் தவறு என்று நான் எழுதினால், அது குழுவின் கருத்தா, என் சொந்தக் கருத்தா என்ற கேள்வி வரும். தலைவரிடம் ஜாடையாகப் பேச்சை எடுத்தேன். "அறிக்கை குடுத்தாச்சுப்பா. இருப்பினும், ரொம்ப அவசியம்னா அடுத்த வருஷ ஆய்வுல ஒரு அடிக்குறிப்பு போட்டுக்கலாம்" என்றார்.

அந்த வாக்கியம் வரைவு நிலையில் சேர்க்கப்பட்டது. யாரையும் குற்றம் சொல்லும் எண்ணத்தில் அது எழுதப்படவில்லை. நீ தைரியமாக இரு.

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

சேர்க்கப்பட்டது. யாரால்?

அக்கா


ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

விசாரணை அதிகாரிக்கு இன்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டேன். குழுவின் பெயர் அச்சிட்ட தாளிலேயே அனுப்பினேன், அதற்கு மதிப்பு அதிகம். நீ கவலைப்பட வேண்டாம் என்பதற்காக முக்கியமான வரியை இங்கே எழுதுகிறேன்:

"மேற்படி பதிவேட்டில் காணப்படும் கோடு என்னும் குறியீடு, சில நேர்வுகளில் கிணறு வறண்ட நிலையையும் குறித்திருக்க வாய்ப்புண்டு என்பது கருத்தில் கொள்ளத்தக்கது."

ஆராய்ச்சிப் புத்தகத்தின் பக்கத்தை இணைக்கவில்லை. அதன் முன்னுரையில் உனக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், அது வேறு குழப்பங்களைக் கிளப்பும். இந்த வரியே போதும் என்று நம்புகிறேன். எப்படி நடந்தது என்று உடனே எழுது.

உன் இன்னொரு கேள்விக்கு நேரில் வரும்போது பதில் சொல்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 25

தம்பிக்கு,

விசாரணை முடிந்தது. எப்படி நடந்தது என்று கேட்டிருந்தாய்.

மாடியில் கோப்பு அறைக்குப் பக்கத்து அறை. விசாரணை அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "உக்காருங்கம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார். மதியத்துக்குள் நான்கு கிணறுகளுக்கு அவரைக் கூட்டிப் போனேன். டேப்பை அவர் கையிலேயே கொடுத்து இறக்கச் சொன்னேன். நான்கிலும் புழுதி. திரும்பி வந்ததும், "இப்ப வறண்டிருக்கு, ஒத்துக்கறேன். மூணு வருஷத்துக்கு முன்னாடியும் வறண்டுதான் இருந்துச்சுன்னு எப்படிம்மா நம்பறது? போனீங்கன்னு யாராவது சொல்லுவாங்களா?" என்றார்.

அப்போதுதான் உன் கடிதத்தை எடுத்தார். உரக்கப் படித்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். படித்து முடித்ததும் என்னைப் பார்த்தார். "வாய்ப்புண்டுன்னா? ஆமாங்கறாரா, இல்லைங்கறாரா?" என்று என்னையே கேட்டார். மறுபடியும் படித்தார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா, "சார், இது ரெண்டு பக்கமும் பேசுதே" என்றான். கடிதத்தைக் கோப்பின் அடியில் வைத்துவிட்டார்கள்.

பிறகு ஒன்று கேட்டார். "உங்க இனிஷியலும் இவரு இனிஷியலும் ஒண்ணா இருக்கே. இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

தெரியாது என்றேன். "யாரோ ஒரு நிபுணர் சார், நான் பாத்ததில்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ யோசிக்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். அறிக்கையைக் கடைசி இணைப்பு வரை படித்தேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். ஆறாம் இணைப்பில் உறுப்பினர்களின் உறுதிமொழிகள் இருக்கின்றன. "இந்த ஆய்வோடு தொடர்புடைய பணியில் உறவினர் யாரேனும் உள்ளனரா?" என்று ஒரு கேள்வி. உன் பெயருக்கு நேரே "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நீ இல்லை என்று எழுதிக்கொடுத்த இடத்தில் நான் போய் ஆமாம் என்றால், உன்னைப் பொய்யன் என்று நானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா? மனசு வரவில்லை.

டேப்பையும் பதிவேட்டையும் வாங்கிக்கொண்டார்கள். முடிவு வரும் வரை கோப்பு அறையில் வேலை. அங்கே பழைய காகிதங்களைக் கட்டி அடுக்குகிறேன். மாமா கடையில் உன் படம் இன்னும் இருக்கிறது. எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொழிற்பேட்டை நிலத்துக்குத் துளை போடும் லாரிகள் இரண்டு வந்து நிற்கின்றன.

வேறு செய்தி இல்லை.

அக்கா


மே 2

அக்கா,

உன் கடிதம் மூன்று நாளாகச் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கல்லூரியில் பாடம் நடத்தும்போது கையால் தொட்டுப் பார்க்கிறேன். உன் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டியவன், எழுதிக்கொண்டிருக்கிறேன். முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல என்னால் முடியாது.

நீ "யாரால்?" என்று கேட்டாய். என்னால். அந்த வாக்கியத்தை நான் எழுதினேன். வரைவு எழுதுவது செயலரின் வேலை. தலைவர் எழுதச் சொல்லவில்லை, வேறு யாரும் திருத்தவில்லை. என் மேஜையில், என் கையால் எழுதினேன். கோடு என்றால் என்ன என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்துதான் எழுதினேன்.

எப்படி நடந்தது என்று முழுதும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது கூட்டம். அந்த அறையில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக் இருக்கும். பேச வேண்டுமானால் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். திரையில் உன் அட்டவணை. கோடு போட்ட கட்டங்களைப் பார்த்து ஒருவர், "இத்தனை கோடு ஏன்?" என்று கேட்டார். நான் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. அதற்குள் இன்னொருவர் முந்திக்கொண்டார். "டேப் பிடிக்கற அம்மாவுக்கு வெயில் ஒத்துக்காது போல. வீட்ல உக்காந்து கோலம் மாதிரி கோடு போட்டிருக்காங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன், அக்கா.

பெரிதாக இல்லை. ஆனால் சிரித்தேன். தலைவர் என் விளக்கைப் பார்த்து, "என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார், கை பட்டுடுச்சு" என்று அணைத்துவிட்டேன். கூட்டக் குறிப்பில் அதுகூட இல்லை. "அளவீடு இல்லாத கிணறுகளை நீக்குவதென ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது. அந்தக் குறிப்பையும் நான்தான் எழுதினேன்.

பயந்தேனா என்று கேட்டால், பயம்கூட இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, எனக்கு யாரும் எதுவும் தரவில்லை. கோடு என்றால் வறண்டது என்று சொல்லியிருந்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள். அந்த டேப் பிடிக்கிற அம்மா என் அக்கா என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் அக்காமார் யாரும் ஸ்கூட்டரில் கிணறு பார்க்கப் போவதில்லை. உறுதிமொழித் தாளில் "இல்லை" என்று எழுதியபோதும் இதே எண்ணம்தான். விதியை மீற வேண்டும் என்று எழுதவில்லை. உன்னைப் பற்றி எழுத வெட்கப்பட்டு எழுதினேன். இப்போது அந்த வெட்கத்தை நினைத்தால் உடம்பே கூசுகிறது. உன் பதிவேட்டில்தான் நான் பட்டம் வாங்கினேன். உன் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆறு, ஏழு என்ற இலக்கங்களை எழுதும் விதத்தையே மாற்றிக்கொண்டேன்.

பிறகு நீ இரண்டு வரிதான் கேட்டாய். அதையும் ஒழுங்காகத் தரவில்லை. "வாய்ப்புண்டு" என்று எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒன்றை, தெரியும் என்று எழுத எனக்கு வரவில்லை. பதினொரு வருஷம் குழுக் குழுவாக உட்கார்ந்து கற்றுக்கொண்டது இதுதான் போலிருக்கிறது. நீ அங்கே எனக்காகத் தெரியாது என்று சொன்னாய். படித்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நேற்று மூன்று கடிதங்கள் அனுப்பினேன். ஒன்று விசாரணை அதிகாரிக்கு. கோடு என்றால் வறண்ட கிணறு. இது எனக்குத் தெரியும். அந்த அளவீட்டாளர் என் உடன்பிறந்த அக்கா. இணைப்பில் உள்ள தவறான வாக்கியத்தை எழுதியவன் நான். ஆராய்ச்சிப் புத்தகத்தின் பக்கத்தை, முன்னுரையோடு சேர்த்து வைத்திருக்கிறேன். இரண்டாவது அமைச்சகத்துக்கு. வறண்ட கிணறுகளின் அடி ஆழத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், நீர்மட்டம் எண்பது சென்டிமீட்டர் உயரவில்லை. குறைந்தது இரண்டேகால் மீட்டர் இறங்கியிருக்கிறது. பதினான்கு கிணறுகளுக்கான பரிந்துரை தவறு. மூன்றாவது தலைவருக்கு, என் விலகல். அவர் போனில் கூப்பிட்டார். "உன் நேர்மையைப் பாராட்டறேன். இருப்பினும்..." என்று ஆரம்பித்தார். வைத்துவிட்டேன்.

எனக்கு என்ன ஆகும் என்பது பெரிதில்லை. உன்னை மறுபடி விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். இந்த முறை நீ எனக்காக எதையும் மறைக்க வேண்டாம். அது முடிந்த அடுத்த வாரமே வருகிறேன். நீ திட்டினால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வரலாமா என்று ஒரு வரி எழுது.

உன் தம்பி


ஜூன் 30

தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தேன்.

உன் கடிதம் வேலை செய்தது. கிணறுகள் விஷயத்தில் என்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று உத்தரவு வந்துவிட்டது. பத்தொன்பது கிணறுகளும் வறண்டவை என்று பதிவாகிவிட்டது. துளை போடும் லாரிகள் போன வாரம் திரும்பிப் போய்விட்டன. புதுக் கணக்கு வரும் வரை ஒரு கிணறும் தோண்டக் கூடாதாம். மேட்டுத் தெருப் பெண்கள் என்னை நிறுத்தி, "உங்களாலதான்னு சொல்றாங்க" என்றார்கள். என் தம்பியால் என்று சொன்னேன். நீ எழுதாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அதை நான் மறக்க மாட்டேன்.

விசாரணை அதிகாரி மறுபடி கூப்பிட்டார். உன் கடிதத்தை மேஜைமேல் வைத்திருந்தார். "போன தடவை இவரை யாருன்னே தெரியாதுன்னு சொன்னீங்களேம்மா?" என்றார். குரலில் கோபம் இல்லை. வருத்தப்பட்ட மாதிரிதான் கேட்டார். நான், "என் தம்பி சார்" என்றேன். "அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றார். உன்னை மாதிரி எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். "வேற வழியில்லம்மா, எழுதித்தான் ஆகணும்" என்றார்.

பணிப்பதிவேட்டில் ஏற்றிவிட்டார்கள். "விசாரணையின்போது தெரிந்தே பொய்யான தகவல் அளித்தார். கண்டிக்கப்படுகிறார்." வேலை போகவில்லை. டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்த மாதம் நாற்பத்தாறு கிணறுகளுக்கும் போய்வந்தேன். ஆனால் அந்த வரியைக் காட்டி, கீழே என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்கள். வெயிலிலும் மழையிலும் அளந்து எழுதியதில் ஒன்றுகூடப் பொய் கிடையாது என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். நான் சொன்ன ஒரே பொய் உனக்காகச் சொன்னது. எழுத்தில் நிற்பதும் அது ஒன்றுதான்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாயந்திரம் கடைக்குப் போனபோது மெஷினுக்கு மேலே சுவர் வெறுமையாக இருந்தது.

அந்த வாக்கியத்தை நீ எழுதினாய் என்பது எனக்கு "யாரால்?" என்று கேட்கும்போதே தெரியும். உன் நடை எனக்குத் தெரியாதா? அதை நான் தாங்கிக்கொண்டேன். என்னை அக்கா என்று சொல்ல வெட்கப்பட்டாய் என்பதையும் எப்படியோ விழுங்கிவிடுவேன், உறுதிமொழித் தாளைப் பார்த்த அன்றே பாதி விழுங்கியாகிவிட்டது. ஆனால் நீ சிரித்தாயே தம்பி. அதை எழுதாமல் விட்டிருக்கலாம் என்று முதலில் தோன்றியது. பிறகு, எழுதியதுதான் சரி என்று தோன்றியது. இரண்டுமே வலிக்கிறது. ஸ்கூட்டரில் போகும்போது, கிணற்றில் குனியும்போது, எனக்கு அந்தச் சிரிப்பு கேட்கிறது. நான் உன் சிரிப்பைச் சின்ன வயசிலிருந்து கேட்டவள், அதனால் அது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை.

வரலாமா என்று கேட்டிருந்தாய். வா, கோபமில்லை என்று எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். உனக்காக ஒரு பொய் சொல்லியாகிவிட்டது, இன்னொன்று சொல்ல என்னால் ஆகாது.

இப்போது வராதே.

அக்கா